செம்பூர் ஆன்ட்டி வீட்டு வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு

அக்காவின் கல்யாணத்துக்காகத்தான் நான் பம்பாயில் குடிக்கிற இடங்களைத் தேடி அலைந்தேன். இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த நாட்களில் எது சரி, எது பிசகு என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்கே பிடிபடவில்லை. நடந்த வரிசையில் எழுதினாலாவது தெளிகிறதா என்று பார்க்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. பம்பாயில் மதுவிலக்கு இருந்தது. இருந்தது என்று சர்க்கார் சொன்னது. நாங்கள் தாராவியில், வரிசையாக ஒற்றை அறைகள் கட்டி வாடகைக்கு விட்ட ஒரு சாலில் குடியிருந்தோம். அப்பா மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அக்கா முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கள்ளச் சாராயத்தில் முதலில் கண்ணையும் பிறகு உயிரையும் விட்டவர். அதிலிருந்து எங்கள் வீட்டில் குடி என்ற சொல்லையே யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அக்காவுக்கு முன்பு வந்த ஒரு சம்பந்தத்தை, பையன் எப்போதாவது பியர் குடிப்பான் என்று கேள்விப்பட்டு அப்பா முறித்துவிட்டார். அதன் பிறகு நாலைந்து வருஷம் வேறு எதுவும் வரவில்லை. அக்காவுக்கு இருபத்தெட்டு ஆகிவிட்டது.

அப்போதுதான் இந்த மாப்பிள்ளை வந்தார். செம்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். அப்பா அம்மா இல்லை. மாட்டுங்காவில் இருந்த அவருடைய அக்காவும் அத்தானும்தான் பெண் பார்க்க அழைத்து வந்தார்கள். வாசலில் கழற்றிய அவர் செருப்பின் மேல் குழாய்த் தண்ணீர் சொட்டியது என்று நான்தான் எடுத்து உள்ளே வைத்தேன். டயர் அடி வைத்த செருப்பு, இடது வாரில் சிவப்புத் தோலில் ஒட்டுப் போட்டிருந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் அனுமதியோடு இரண்டு பேரும் கோயில் சுவரோரம் நின்று சற்று நேரம் பேசினார்கள். வீட்டுக்கு வந்த அக்கா, அரிசி களைந்துகொண்டே கீர்த்தனை பாடினாள். அவள் பாடி நாங்கள் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன்.

அந்த வாரமே சபையில் காணிக்கைப் பை பிடிக்கிறவர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் போனார். அவருக்கும் செம்பூரில்தான் வேலை. மாப்பிள்ளை சாயங்கால வேளையில் ஏதோ ஆன்ட்டி வீட்டுச் சந்துக்குள் போவதைத் தான் கண்ணால் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். எந்த வீடு என்று தெரியாதாம். அன்றைய பம்பாயில் ஆன்ட்டி என்றால் யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். தன் வீட்டு முன்னறையில் பெஞ்சு போட்டு ரகசியமாகச் சாராயம் விற்ற கோவாக்காரப் பெண்களுக்கு அது பெயர்.

அப்பா என்னைக் குழாயடிக்கு அழைத்துப் போனார். முகம் கறுத்திருந்தது.

"ஏல, நீ கோட்டையில வேல பாக்க. நாலு எடம் தெரிஞ்சவன். அந்தப் பையன் குடிக்கானா இல்லியான்னு மட்டும் பாத்துட்டு வா. அக்காளுக்குத் தெரியாண்டாம்."

எனக்கு எந்த இடமும் தெரியாது. ஆபீஸ், ரயில், வீடு, கோயில், இதுதான் என் பம்பாய். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் ஆபீசில் ஹெட் கிளார்க்காக ஒரு பார்சிக்காரர் இருந்தார். குடியைப் பற்றிப் பேசினால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். அவரிடம் விஷயத்தைச் சொல்லாமல், இந்த மாதிரி இடங்களுக்கு எப்படிப் போவது என்று மட்டும் கேட்டேன். மனிதருக்கு ஒரே சந்தோஷம். எடுத்தவுடன் ஆன்ட்டி வீட்டுக்குப் போகக்கூடாது, எதையும் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அன்று சாயங்காலமே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அவருக்கு நான் ஒரு ஞானஸ்நானத்துக்கு வந்த ஆள்.

முதலில் போனது பெர்மிட் ரூம். கோட்டைக்குள் ஒரு பழைய ஹோட்டலின் மாடியில் இருந்தது. பெர்மிட் என்றால் சர்க்கார் கொடுக்கிற அனுமதி. குடிக்காவிட்டால் இவர் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் கிடைக்கும். எங்கள் ஹெட் கிளார்க் ஆபீஸ் இரும்பு பீரோவைத் தனியாளாக நகர்த்துகிறவர். அவர் நோயாளி என்று சர்க்காரே ஒப்புக்கொண்டிருந்தது. பெர்மிட் இல்லாதவன் உள்ளே உட்காரக்கூடாது என்பதால் என்னை அரைக்கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். உள்ளே ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு ஆள். யாரும் யாரோடும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்களைப் போல இருந்தார்கள்.

அங்கே கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்த ஒருவர் காக்டெயில் கலந்து கொடுத்தார். ஜின், எலுமிச்சைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, இன்னும் ஏதோ ஒரு கசப்பு. எல்லாவற்றையும் மூடி போட்ட வெள்ளிக் குவளையில் விட்டுக் காதருகே வைத்துக் குலுக்கினார். சத்தத்தை வைத்தே ஐஸ் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தெரிந்துவிடுமாம். கண்ணாடி டம்ளரில் ஊற்றியபோது மேலே நுரை கட்டி நின்றது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எனக்கு அதுதான் குழப்பம். பாவம் என்று சொல்லிக் கொடுத்த பொருள் அழகாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சித்தப்பா குடித்தது ரப்பர் பிளாடரில் அடைத்துக் கடத்தி வந்த சாராயம். அதையும் இதையும் ஒரே சொல்லால் எப்படிச் சொல்வது?

அடுத்த நாள் செம்பூர். பாகிஸ்தானிலிருந்து வந்த சிந்திக்காரர்கள் குடியேறிய பகுதியில் ஒரு வீட்டு முன்னறை. விஸ்கிக்கு அந்த வீட்டை மிஞ்ச முடியாது என்றார் ஹெட் கிளார்க். சோபா, ரேடியோகிராம், சுவரில் குருவின் படம். பீரோவைச் சாவி போட்டுத் திறந்து வீட்டுக்காரர் பாட்டிலை எடுத்தார். ஸ்காட்ச். கப்பலில் ஒளித்து வந்தது. வந்திருந்தவர்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷம் பழையது என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். எங்கள் வீட்டில் அத்தனை வருஷம் இருந்தது ஒரு நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடிதான். அதையும் அம்மா போன மாதம் கொட்டிவிட்டாள்.

அங்கேதான் சனி பிடித்தது. வீட்டுக்காரரின் மனைவி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, பொரித்த அப்பளத்தோடு ஒரு தட்டில் டம்ளர்களை ஏந்தி வந்து என் முன்னால் நீட்டினார். ஒரு வீட்டில், அந்த வீட்டுப் பெண் கையால் கொடுத்ததை வேண்டாம் என்று தள்ளக்கூடாது. தண்ணீரானாலும் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கீழே வைக்க வேண்டும். எங்கள் ஊரில் அடித்துச் சொல்லிக் கொடுத்தது இது. குடிக்கக்கூடாது என்பதும் அடித்துச் சொல்லிக் கொடுத்ததுதான். இரண்டும் மோதிக்கொண்டால் எதைப் பிடிப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்த அம்மா கையை நீட்டியபடியே நின்றார். எடுத்து ஒரு வாய் குடித்தேன். தொண்டை எரிந்தது. எரிந்து முடித்ததும் வாயில் வெல்லப்பாகு தீய்ந்தது போல ஒரு வாசனை நின்றது. பிடித்ததா பிடிக்கவில்லையா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

வெளியே வந்து தெருமுனை பீடாக் கடையில் ஏலக்காய் வாங்கி மென்றுகொண்டிருந்தேன். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, "தோத்திரம் தம்பி" என்றார். காணிக்கைப் பைக்காரர். நானும் வாயை அதிகம் திறக்காமல் தோத்திரம் சொன்னேன். என்னை ஒரு தரம், நான் இறங்கி வந்த வாசலை ஒரு தரம், என் தோளில் கை போட்டிருந்த ஹெட் கிளார்க்கை ஒரு தரம் பார்த்துவிட்டு ஏறிப் போனார். நல்ல வேளை, நான் விசாரிக்க வந்திருப்பது இவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா அதை யாரிடமும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள்தான் ஆன்ட்டி வீடு. செம்பூர் ஸ்டேஷன் பின்புறச் சந்துகளில் அப்படிப் பல வீடுகள் இருந்தன. அவற்றில் பேர் பெற்ற வீடு என்று ஹெட் கிளார்க் அழைத்துப் போனார். வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு. டயர் அடி. இடது வாரில் சிவப்புத் தோல். நின்று இன்னொரு தரம் பார்த்தேன், அதேதான்.

உள்ளே அந்தச் செருப்பின் சொந்தக்காரர் இல்லை. பெஞ்சுகளில் ஏழெட்டுப் பேர். சுவரில் இயேசுவின் படம், முன்னால் சிவப்பு பல்பு, அதன் கீழ் காகிதப் பூ. நான் பழக்கதோஷத்தில் குனிந்து ஷூவைக் கழற்றப் போனேன். ஹெட் கிளார்க் கையைப் பிடித்து நிறுத்தினார். இது வீடு இல்லை, கடை. போலீஸ் வந்தால் பின்வாசல் வழியாக ஓட வேண்டும், அப்போது ஷூவைத் தேடிக்கொண்டிருப்பாயா என்று கேட்டார். சுற்றிப் பார்த்தேன். உண்மைதான், எல்லார் காலிலும் ஏதோ ஒன்று இருந்தது. அங்கேயே எனக்குப் புத்தி வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. சாமி படத்தைப் பார்த்துவிட்டுக் கோயில் என்று செருப்பை வெளியே விட்டிருக்கிறார், நம் ஆள்தான், குடித்தாலும் தெய்வபயம் இருக்கிறது, பின்னறையில் உட்கார்ந்து குடிக்கிறார் போல என்று முடிவு கட்டினேன்.

ஆன்ட்டி கவுன் போட்ட பருத்த மனுஷி. அவளுடைய சரக்கு ஆரஞ்சுத் தோலும் இஞ்சியும் ஊறியது. அதில் எலுமிச்சை பிழிந்து, கண்ணாடி கிளாஸின் விளிம்பில் உப்பும் மிளகாய்த் தூளும் தடவிக் கொடுத்தாள். ஹோட்டல்காரன் காக்டெயில் எல்லாம் இதற்குக் கால் தூசு பெறாது என்றார் ஹெட் கிளார்க். எனக்கு இஞ்சி சோடா வந்தது. அதுவும் அதே நிறம், அதே கிளாஸ், அதே உப்பு விளிம்பு. அவித்த முட்டையைக் கடித்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தேன். செருப்பு அங்கேயே கிடந்தது. அடுத்த இரண்டு சாயங்காலமும் தனியாகவே போனேன். இரண்டு நாளும் செருப்பு கிடந்தது. அப்படியென்றால் தினக் குடி. அக்கா பாடிய கீர்த்தனை காதில் கேட்டது. அவரை நினைத்து எனக்கு ஆத்திரமாக வந்தது.

மூன்றாவது நாள் நான் செருப்பை முறைப்பதை ஆன்ட்டி பார்த்துவிட்டாள். அதை என்ன பார்க்கிறாய் என்று பம்பாய் இந்தியில் அதட்டினாள். அது அவள் வீட்டுப் பையனுடையதாம். மேலே பரணறையில் வாடகைக்கு இருக்கிறானாம். இந்த ஊரில் வேறு எங்கே இடம் கிடைக்கும்? ஊரெல்லாம் சேற்றுக் காலோடு வந்து அவள் தரையை மிதிக்க, அவன் ஒருத்தன்தான் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவன். ஒரு சொட்டு தொட மாட்டான், இந்த வியாபாரத்தை விட்டுவிடு என்று அவளுக்கே உபதேசம் வேறு என்று எரிச்சலும் பெருமையுமாகச் சொன்னாள்.

கடைக்கு வருகிறவன் செருப்போடு வருவான், வீட்டுக்கு வருகிறவன்தான் கழற்றுவான். சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் எனக்கு மூன்று நாள் உறைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஏணியில் அவர் இறங்கி வந்தார். கைலி, பனியன், கையில் சாப்பிட்ட தட்டு. என்னைப் பார்த்தார். என் முன்னாலிருந்த கிளாஸைப் பார்த்தார்.

"தம்பி, நீங்களா?"

உங்களை வேவு பார்க்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது? "சும்மா, ஒரு சிநேகிதர்கூட வந்தேன். அவரு இப்பத்தான் போனாரு" என்றேன். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஸ்டாப் வரை வந்தார். தொழிற்சாலையில் குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகவும், சீக்கிரம் கிடைத்துவிடும் என்றும் சொன்னார். இந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டிய ஆளிடம் அன்றைக்கே சொல்லிவிட்டதாகவும் சொன்னார். யாரிடம் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் கூச்சம். ரோட்டைக் கடக்கும்போது என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் ஏற்றி, கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கண்டக்டரிடமும் தாராவிக்குக் கிட்டே சயானில் இறக்கிவிடச் சொன்னார். வருங்கால மச்சினன் மேல் என்ன பிரியம் என்று வழியெல்லாம் பூரித்துக்கொண்டு வந்தேன்.

அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். எல்லாம் என்றால், சிந்திக்காரர் வீட்டு ஒரு வாயைத் தவிர. அப்பா, "பனை மரத்து மூட்டுல இருந்து பாலக் குடிச்சாலும் ஊரு கள்ளுன்னுதான் சொல்லும்" என்றார். பிறகு, குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் கல்யாணத்தை வைக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னார். அன்றிரவு குடும்ப ஜெபத்தில் அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அக்காவுக்குக் காரணம் தெரியாது. தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளையின் அத்தான் தனியாக வந்தார். அம்மா கொடுத்த காப்பியைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தார். அவர்களும் விசாரித்திருக்கிறார்கள். விசாரிக்காமல் யார் சம்பந்தம் செய்வார்கள்? அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் போனதும் குடியில்தானாம். அதனால் குடி இருக்கிற வீட்டில் கொள்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்று வைத்திருந்தார்களாம்.

"அண்ணாச்சி, பொண்ணுல ஒரு கொறையும் இல்ல. ஒங்க மகனத்தான் செம்பூர்ல ரெண்டு எடத்துல பாத்திருக்காங்க. காணிக்கப் பை பிடிக்கவரு சொன்னாரு, நாங்க நம்பல. எங்க பையனையே கேட்டோம். அவனுக்குப் பொய் வராது. பாத்தேன், கையப் பிடிச்சு பஸ்ஸு ஏத்திவிட்டேன்னு சொன்னான்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"குடிச்சியால?"

இல்லை என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அப்பா நம்பியிருப்பார், அந்த மனிதரும் ஒருவேளை காப்பியை எடுத்திருப்பார். என் வாயில் அது வரவில்லை.

"ஒரு வாய்" என்றேன்.

அத்தான் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். நான் பின்னாலேயே ஓடி எல்லாவற்றையும் விளக்குவதாகச் சொன்னேன். அப்பா விடவில்லை. மாப்பிள்ளையை வேவு பார்க்க ஆள் அனுப்பினோம் என்று போய்ச் சொல்வதா, வேவு பார்க்கப் போனவன் குடித்துவிட்டு வந்தான் என்று சொல்வதா என்று கேட்டார். எதைச் சொன்னாலும் கேவலம். எதையும் சொல்லாமல் இருந்தாலும் கேவலம்தான். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்காமல் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுப்பு மூலையிலிருந்து அக்கா வந்தாள். என்னடா நடந்தது என்று கேட்டாள். பெர்மிட் ரூமிலிருந்து பஸ் ஸ்டாப் வரை ஒன்று விடாமல் சொன்னேன்.  செருப்பு என்று வந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவரு ஆன்ட்டி வீட்டு மச்சுல இருக்காருன்னு எனக்குத் தெரியும்ல. கோயில் சொவரு பக்கத்துல மொத வார்த்தையே அதத்தான் சொன்னாரு. அங்க ஒன்னக் கூட்டிட்டுப் போவ மாட்டேன், குவார்ட்டர்ஸு வரட்டும்னாரு. நான் சரின்னேன்" என்றாள்.

பெஞ்சில் ஆறிக் கிடந்த காப்பியை எடுத்துக்கொண்டு, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கும் அழ வசதியாக இருந்திருக்கும். அன்றைக்கு எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பைக்காரர் மேலா? அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். மாப்பிள்ளையும் கண்டதைத்தான் சொன்னார். அப்பா கேட்டபோது நானும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் உண்மை பேசி ஒரு கல்யாணத்தை நிறுத்தினோம்.

மறு வருஷம் அரக்கோணத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ரயில்வே குமாஸ்தா. அப்பா தானே நேரில் போய் விசாரித்தார். பீடி, சிகரெட், குடி எதையும் தொடாதவர் என்று நாலு பேர் சொன்னார்கள். அதற்கு மேல் அப்பா எதுவும் கேட்கவில்லை. இந்த முறையும் அக்காவை யாரும் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்து ஏழெட்டு மாதம் கழித்து அவள் பம்பாய்க்கு வந்தாள். தாதர் ஸ்டேஷனில் நான்தான் போய்ப் பெட்டியை வாங்கினேன். மெலிந்திருந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தான் எப்படிக்கா இருக்காரு என்று கேட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"குடிக்க மாட்டாரு."